அந்தோணியாருக்கு ஆறு செகண்ட்

...ஆறு செகண்டுங்க தம்பி. கடிகாரத்த வெச்சே பார்த்தேன். நான் மரக்காணத்துலதான் எறங்கணும், நீங்க ஜன்னலோரம் நல்லா உக்காருங்க. எங்க அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு நேத்து லோக்கல் டிவியில ஆறே செகண்ட். போன மாசம் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு எவ்ளோ தெரியுமா? மூணு நிமிஷம். இது ஓரவஞ்சனையா இல்லியா, நீங்களே சொல்லுங்க.

தீமிதிய கொற சொல்லலீங்க. அந்தக் கோயில் தர்மகர்த்தா பாவாடையும் நானும் உப்பளத்துல ஒண்ணா உப்பு வாரினவங்க. அவன் கூழு ஊத்துனா மொத சொம்பு எனக்குத்தான். என் கோவம் டிவிக்காரன் மேல. சர்ச்சுன்னா அவனுக்குச் சண்ட வேணும். நாலு வருசத்துக்கு முன்னாடி கல்லறைத் தோட்டத்துச் செவுரு விசயமா ரெண்டு பேரு சட்டையப் புடிச்சிக்கிட்டாங்க. கேமராவ தூக்கிக்கினு ஓடியாந்தான். நாள் பூரா அதையேதான் போட்டான். வெலக்கிவிடப் போனவன் நானு, என் முதுகு மட்டும் பதினேழு தடவ வந்துச்சு. நல்லது நடந்தா நம்மள கண்ணுக்கே தெரியாது.

ஏன் இப்பிடிப் பொலம்புறேன்னா, தேரு தம்பி. எங்க தேர தோள்லதான் தூக்கணும். முப்பத்திரெண்டு தோள் வேணும். பசங்கள்லாம் வேலைக்கு மெட்ராஸ் பூட்டானுங்க. போன வருசம் பாதி வழியில முடியல. அந்தோணியார உப்பு லோடு ஏத்துற டிராக்டர்ல ஏத்திக் கொண்டாந்தோம். நான் விழாக் குழுச் செயலாளரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல தம்பி. டிவியில சொன்னா வெளியூர்ல இருக்கறவன்லாம் பாத்துட்டு வருவான்னு நெனச்சேன். இப்பவும் இருபத்திநாலு பேருதான் இருக்கோம்.

இல்லீங்க, டிவியில இருந்து வந்தாங்க. நிவேதான்னு ஒரு பொண்ணு. "ஐயா, ஒரு நிமிஷந்தான் டைம், பேசுங்க"ன்னு மைக்க நீட்டுச்சு.

என்ன பேசுனேனா? முறையாத்தான் பேசுனேன். மேதகு ஆயர் அவர்களுக்கு நன்றி. மறைவட்ட முதன்மை குருவுக்கு நன்றி. பங்குத் தந்தைக்கு, அருட்சகோதரிகளுக்கு, பந்தல் போட்டவங்களுக்கு, சீரியல் லைட்டு கட்டுனவங்களுக்கு... ஒரு பேர விட முடியுமா? போன வருசம் மரியாயின் சேனைய விட்டுட்டேன். அதுக்குத் தலைவி லூர்துமேரி அக்கா, ஆறு மாசம் என்னக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிச்சு. பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக் கும்பிடுறப்பகூட எனக்குக் கும்பிடு போடல.

அந்தப் பொண்ணு பாவம், ரெண்டு நிமிஷம் குடுத்துச்சு. நான் அப்பத்தான் நன்றியில பாடகர் குழு வரைக்கும் வந்திருந்தேன். நேத்து போட்டாம் பாருங்க... என் வாயி அசையுது, சத்தத்தக் காணோம். போன மாசம் பாவாடையும் பேசுனான், அந்த மூணு நிமிஷத்துல. "வெள்ளிக்கெழம தீமிதி, எல்லாரும் வாங்க, கூழு உண்டு." அவ்ளோதான். ஒருத்தருக்கும் நன்றி சொல்லல, மருவாத தெரியாத பய. கூட்டம் மட்டும் ரோடு வரைக்கும் நின்னுச்சு.

என்ன கேட்டீங்க? தேரு என்னிக்குன்னு சொன்னேனா...

இருங்க. ஆயரு... பங்குத் தந்த... பந்தலு...

இல்லீங்க. சொல்லல.

அடக் கடவுளே. அந்தப் பொண்ணு மேல போய் பழியப் போட்டேனே. காலையில போன் போட்டு வேற கத்துனேன். சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது.

கொஞ்சம் கால மடக்குங்க, எந்திரிக்கிறேன். ஏங்க, பஸ்ஸுல இருக்கறவங்கல்லாம் இப்பிடித் திரும்புங்க. கண்டக்டர் சார், நீங்களுந்தான். இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மரக்காணம் அந்தோணியார் கோயில்ல தேரு. எட்டுத் தோள் கொறயுது. வாங்க.

அப்பாடா, உக்காருறேன்.

என்னது தம்பி? நீங்க வர்றீங்களா? நெசமாவா? அப்ப கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, உங்க ஒசரத்த பார்த்துக்கறேன்.