தொட்டிச் செடியோடு வேலைக்குப் போனேன்

இந்த அறையின் ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது. செடிக்கு ஆகாது. அது உங்கள் முகத்தை மறைக்கிறது என்றால் தாராளமாக நகர்த்திவைக்கலாம், ஆனால் தொட்டியை அடியில் பிடித்துத் தூக்குங்கள். தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. கதவருகே நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் உட்கார்ந்துகொள்வதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

இந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பது என் கனவு. அதை என் விண்ணப்பத்திலேயே படித்திருப்பீர்கள். ஏழு விண்ணப்பங்களிலும் எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் உங்களிடமிருந்து பதில் வந்துவிடும். 'தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம்' என்று தொடங்கும். ஒருமுறை, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நான் ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பான இடத்தில் வேலை செய்ய யாருக்குத்தான் ஆசை வராது. போன் இன்டர்வியூ வரை போனதும் உண்டு. அப்போதெல்லாம் அந்த லிஃப்ட் கேள்வியில்தான் விழுந்தேன். ஒரு கட்டடம், இரண்டு லிஃப்ட், எல்லா மாடியிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பாய் என்ற கேள்வி. படிக்கட்டில் போகச் சொல்லலாம் என்று நான் சொன்னதை நீங்கள் ரசிக்கவில்லை.

நான் மனம் தளரவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என் அக்காவும் அதையேதான் சொல்வாள். இருவரும் ஒரே படிப்புத்தான் படித்தோம். மார்க் அவளுக்குத்தான் கூட, ஆனால் கனவு எனக்கல்லவா இருந்தது. வீட்டில் ஒருவராவது சம்பாதிக்க வேண்டுமே என்று அவள் செருப்புக் கடைக்கு வேலைக்குப் போனாள். நாளெல்லாம் ஊரார் பாதங்களுக்கு முன்னால் முட்டிபோட்டு அளவு பார்ப்பாள். சாயங்காலம் வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியே, இன்டர்வியூ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கேள்வி கேட்பாள். நான் திணறும்போது பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். அது எனக்குக் கொஞ்சம் இடைஞ்சலாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவள் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஏழாவது மறுப்பு வந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். நான் வேலை செய்து நீங்கள் பார்த்ததில்லை, குறை அதுதான். ஆகவே வேலையை முதலில் தொடங்கிவிடுவது, மற்றதைப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இரண்டு கையாலும் ஒரு பெரிய தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாசலில் நிற்பவனிடம், உன் கார்டு எங்கே என்று கேட்க யாருக்கும் மனம் வராது. இதோ நிற்கிறாரே, இவரேதான் ஓடிவந்து தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"பாத்து சார், இலை கதவுல இடிச்சிடப் போகுது" என்றார். அவரைத் தண்டித்துவிடாதீர்கள், மரியாதை தெரிந்த மனிதர்.

இதில் ஒரே சிரமம், மறுநாளும் உள்ளே வந்தாக வேண்டும். அதனால் மாலையில் அதே செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். பஸ்ஸில் ஒரே ஓர் இடம் இருந்தால் செடி உட்காரும், நான் நிற்பேன். ஆபீசில் ஆளுக்கொரு செடி வளர்க்க வேண்டும் என்பது விதி என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள். பயிற்சிக் காலம் முடிந்ததும் சம்பளம் வரும் என்றதையும் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்து வைப்பாள். செடி நன்றாகத் தழைத்துவிட்டது. இங்கே எல்லோரும் என்னைச் செடி சார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

பிரசவ விடுப்பில் போயிருந்த ஒருவரின் மேசையில் உட்கார்ந்தேன். எதற்கெடுத்தாலும் 'சூப்பர்' என்று சொல்வதால் சூப்பர் என்றே பெயர் வாங்கிய உங்கள் மேனேஜர், முதல் வாரமே என்னை ஒரு மீட்டிங்கில் உட்காரவைத்தார். அங்கே நான் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல ரிஸ்க் என்ன?"

எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "சூப்பர் கேள்வி" என்றார் சூப்பர். அதன்பிறகு நான் இல்லாமல் மீட்டிங் தொடங்குவதில்லை. சம்பளம் என்று ஒரு காசு நான் வாங்கியதில்லை. கேன்டீன் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை, அக்கா கட்டிக்கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவன் நானில்லை.

போன வாரம் சூப்பர் அவசரமாக வந்தார். "செடி சார், இன்டர்வியூ எடுக்க ஒரு ஆள் குறையுது. கொஞ்சம் வந்து உக்காருங்க" என்றார். கம்பெனிக்கு ஒரு தேவை என்றால் நான் மறுப்பதில்லை. உட்கார்ந்தேன். கதவைத் திறந்துகொண்டு என் அக்கா வந்தாள்.

எனக்குச் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தபின் சொல்லி என்னை அசத்த நினைத்திருக்கலாம். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தம்பி இன்டர்வியூ எடுக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டானே என்ற பெருமை. எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "வணக்கம் சார்" என்றாள்.

நான் லிஃப்ட் கேள்வியைக் கேட்டேன். நியாயமான கேள்விதானே, நீங்கள் என்னிடம் கேட்டதுதான்.

"காலியா இருக்கற லிஃப்ட், கடைசியா போன மாடியிலயே சும்மா நிக்கக் கூடாது சார்" என்றாள். "அடுத்து எந்த மாடியில ஆள் வருவாங்கன்னு கணிச்சு, முன்னாடியே அங்க போய் நிக்கணும்." பிறகு எழுந்து போய்ப் பலகையில் அதற்கான கம்ப்யூட்டர் நிரலையும் எழுதிக் காட்டினாள். ஓர் இடத்தில்கூட அழிக்கவில்லை. நான் எழுதினால் பலகையைவிட டஸ்டருக்குத்தான் வேலை அதிகம்.

அவள் வெளியே போனதும் சூப்பர் கேட்டார். "எப்படி சார்? எனக்குப் பிடிச்சிருக்கு."

"திறமை இருக்கு. ஆனா நம்ம கல்ச்சருக்கு செட் ஆக மாட்டாங்க" என்றேன். "ரொம்ப வேகமா பதில் சொல்றாங்க. நம்மகூட சேர்ந்து குழம்ப மாட்டாங்க."

"சூப்பர்" என்றார்.

சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். நான் இங்கே எந்த விதியையும் மீறியதில்லை. அவளுக்குப் போன மறுப்புக் கடிதத்தையும் நானே வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அது மனப்பாடம். 'மிகுந்த கவனத்துடன்' என்பதை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

நேற்று மாலை கடிதம் வந்தது. அவள் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் சரியாத்தானேடா சொன்னேன்?"

"சரிதான்க்கா. போட்டி ஜாஸ்தி. மனசைத் தளர விடாதே" என்றேன்.

"சரி, விடு. ஒரு வீட்டுல ஒருத்தன் உள்ள போயிட்டான்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். நேற்று தைல வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இன்று காலை அவள் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினேன். அந்த அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன். தம்பி பட்டினி கிடப்பானே என்று அவள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ரிசப்ஷனில் இருந்த பெண் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்றிருக்கிறாள்.

"நல்லாப் பாரும்மா. தினமும் செடி தூக்கிட்டு வருவானே, அவன்தான்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மடியில் என் டப்பா. சூப்பர் அவளிடம் ஏதோ காகிதத்தைக் கொடுத்துக் கைகுலுக்குகிறார், அவள் படித்துவிட்டு அழுகிறாள். வேலை கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. சந்தோஷம். விதியை நீங்களே மீறுகிறீர்கள், அது உங்கள் இஷ்டம். அவள் என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாள் என்ற பயத்தில் நான் தடுத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் நன்றாகச் செய்வாள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் மறுத்தேன்.

மறைக்க எதுவும் இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேரில் கூப்பிட்டு, மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் பொறுமையாக என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் எந்தச் சுற்றிலும் இவ்வளவு தூரம் நான் வந்ததில்லை. ஆனால் அந்த லிஃப்ட் கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேளுங்கள். இப்போது எனக்குப் பதில் தெரியும்.