யாரும் கேட்காத கேள்வி

இணுவில் ரயில் கடவையில் கேற் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டியில் இரண்டு இளம்பெண்கள். காங்கேசன்துறை ரயில் கடந்துபோக, ஸ்கூட்டி ஓட்டி வந்தவள் சொன்னாள்:

“நான் ரெயின் ஓடுற வேலைக்குத்தான் போகப்போறன்.”

“ஏனடி, விசரே உனக்கு?” என்றாள் பின்னால் இருந்தவள்.

“வீட்டிலையிருந்து இஞ்சை வாறதுக்குள்ளை எத்தினை பேர் ‘எங்கை பிள்ளை போறாய்’ எண்டு கேட்டவை? ரெயின் ஓடுறவனை ஆரும் கேக்கினமே?”

“அவன் போற இடம் ஊருக்கே தெரியும்தானே.”

“கேட்டாலும் அவன் நிப்பாட்டத் தேவையில்லை. சந்திக்குச் சந்தி மறிச்சுக் கேக்கிற எங்கடை மாமா எண்டாலும் கேற்றுக்கு அங்காலைதான் நிக்கவேணும்.”

கேற் திறந்தது. பக்கத்தில் சைக்கிளோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“அது சரி பிள்ளையள், இப்ப எங்கை போறியள்?”

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஹோர்னில் வைத்த விரலை அடுத்த சந்திவரை எடுக்கவேயில்லை.