வேண்டாத சொற்கள்

காலையில் காபி ஆறுவதற்குள் மகளுக்கு வேலை தேடி முடித்துவிடுவேன். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன். தேடுவது எனக்குக் கைவந்த கலை. நீங்கள் அவளுடைய தாய்மாமன், கேட்க உரிமை உண்டு. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை படித்தவள். இணையத்தில் வெறுமனே தேடினால் குப்பை குப்பையாக வந்து விழும். 'ஆய்வகப் பணி' என்பதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள விளம்பரம் எட்டிக்கூடப் பார்க்காது. வந்ததை அச்செடுத்து அவள் மேசையில் வைப்பேன். அவளாகத் தேடிப் பிடித்த சிலவற்றைப் போலி என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். நம்பினாள். நல்ல பெண்.

முதலில் 'இரவுப் பணி'யைக் கழித்தேன். எந்தத் தகப்பனும் செய்வான். பிறகு 'விடுதி'. உங்கள் அக்கா காலமானபின் வீடு வெறிச்சோடிக் கிடந்ததால் 'வெளியூர்'. அப்புறம் 'உடனடி', அவசரத்தில் எடுத்த முடிவு எது உருப்பட்டிருக்கிறது? பட்டியல் ஒரு பக்கமாகி, அரைப் பக்கமாகி, ஒருநாள் வெள்ளைத் தாளாகவே வந்தது.

மூன்றாம் வருடம் அவள் தலை வாருவதைக்கூட விட்டுவிட்டாள். சான்றிதழ்களைக் குப்பைக்கூடையில் போட்டாள். நான்தான் எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"நான் அவ்வளவு மட்டமாப்பா?" என்று கேட்டாள்.

"உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா," என்றேன். அது பொய்யில்லையே.

போன வாரம் மின்கட்டணம் கட்ட என் கணினியில் உட்கார்ந்தவள், தேடல் வரியை விரல் வைத்துப் படித்தாள். பதினான்கு சொற்களைக் கழித்திருந்தேன். கடைசியாக இருந்தது, அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த பரிசோதனை நிலையத்தின் பெயர்.

"இதையெல்லாம் எதுக்குப்பா எடுத்தீங்க?"

"வேண்டாததத்தானம்மா எடுத்தேன்."

"யாருக்கு வேண்டாதது?"

அவ்வளவுதான் பேச்சு. ஒரு பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆமாம், ஐந்து வருடம் அவளுக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் எட்டு நாளாக நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. தானாக அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை அவள். உங்கள் வீட்டில்தான் யாரோ அவள் மனதைக் கெடுக்கிறார்கள். கொஞ்சம் விசாரியுங்கள்.