சாம்பல் பெட்டி, சிவப்புப் பெட்டி

— பெட்டி மேல போட்டிருக்கிற நம்பரை அப்படியே நம்பிடாதீங்கக்கா. அது வெறும் ஏட்டுக்கணக்கு.

— பரவாயில்ல தம்பி, எனக்கு அதுவே போதும். ரெண்டுல எது வேகம்?

— சிவப்புப் பெட்டிதான். இதுல சந்தேகமே வேணாம். சாம்பல் பெட்டியில இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு செகண்டுக்குப் பதிமூணு லட்சம் கோடி கணக்குப் போடும். சிவப்பு, நாப்பது லட்சம் கோடி. சும்மா சொல்லலக்கா, கம்பெனிக்காரனே அச்சடிச்சிருக்கான் பாருங்க. ஆமா, யாருக்கு வாங்குறீங்க?

— என் தம்பிக்கு.

— தம்பிக்கா! சரி சரி, தம்பிக்கே இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்கல.

— ஏன் சிரிக்கிறீங்க?

— ஒண்ணுமில்லக்கா. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. தம்பி கேம் ஆடுவாரா, வீடியோ எடிட் பண்ணுவாரா? கேம்னா மெமரியையும் பாக்கணும். சாம்பல்ல எட்டு ஜிபி, சிவப்புல பதினாறு ஜிபி.

— கேம் இல்ல. பூட்டின ஃபோல்டரைத் திறக்கணும். பாஸ்வேர்டு தெரியாது.

— ஓ, மறந்துட்டாரா? அப்போ மெமரி பெருசா வேலைக்கு ஆகாது, வேகம் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தா மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கும். கொத்துச்சாவியைக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா நுழைச்சுப் பாக்கிறோமில்ல, அதே வேலைதான்.

— எவ்வளவு நாள் ஆகும்?

— பாஸ்வேர்டு எத்தனை எழுத்து?

— எட்டு.

— எட்டுதானா? சாம்பல்ல முழுசும் தடவிப் பாக்க ஒரு மாசம் வச்சுக்கோங்க. சிவப்புல பத்து நாள்.

— பத்து நாள். அப்போ சனிக்கிழமைக்குள்ள முடியாது. எந்தக் கார்டா இருந்தாலும் முடியாது. அப்படித்தானே?

— அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. பத்து நாள்ங்கிறது கடைசிச் சாவி வரைக்கும் போட்டுப் பாத்தா. பாதியிலயே மாட்டலாம். அதிர்ஷ்டம் இருந்தா முதல் நாளே மாட்டிடும்.

— அதிர்ஷ்டமா?

— சனிக்கிழமைக்குள்ள வேணும்னா சிவப்பை எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு, அது கரண்டை மடமடன்னு குடிக்கும். பழைய டப்பா கம்ப்யூட்டர்ல மாட்டினா பவர் பத்தாது. மாட்டினாலும் சூடேறி நொண்டியடிக்கும், பாதி வேகம்கூட வராது. தம்பியோடது எப்படி?

— சின்னது. மேசைக்கு அடியில வைக்கிறது. ரொம்பப் பழசு.

— அப்போ சாம்பல்தான் ஒத்துவரும்.

— அப்பாடா.

— என்னக்கா, மெதுவா ஓடுற கார்டுன்னா சந்தோஷப்படுறீங்க?

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. பழைய கம்ப்யூட்டர், சாம்பல் கார்டு. சனிக்கிழமை வரைக்கும் பூட்டு தாங்குமா?

— தாங்குமான்னு கேக்குறீங்க. நான் திறக்குமான்னு கேக்குறீங்கன்னு நினைச்சேன்.

— சொல்லுங்க.

— பாஸ்வேர்டுல பேரு, ஊரு, பொறந்த வருஷம் மாதிரி ஏதாவது இருக்கா?

— எதுக்கு?

— இருந்தா கார்டே வேணாம். ஆளைத் தெரிஞ்சவங்க முதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்.

— சாயங்காலத்துக்குள்ளயா?

— அக்கா? ஏன் முகமெல்லாம் வேர்த்துப் போச்சு? இந்தாங்க, தண்ணி குடிங்க.

— என் பொண்ணோட செல்லப்பேரு இருக்கு. பின்னால அவ பொறந்த வருஷம்.

— அட, அப்போ மாத்திடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

— அவர் அந்த ஃபோல்டரையே காப்பி எடுத்து வச்சுக்கிட்டார். இங்க நான் என்ன மாத்தினாலும் அந்தக் காப்பி பழைய பாஸ்வேர்டுக்குத் திறந்துடுமில்ல?

— திறந்துடும். அவர்னா யாருக்கா?

— என் வீட்டுக்காரர். ஃபோல்டர் என்னோடது. நானும் என் பொண்ணும் அவருக்குத் தெரியாம எங்க போகப் போறோங்கிறது மொத்தமும் அதுலதான் இருக்கு. வாடகைக்குப் பாத்த வீடு, எனக்குக் கிடைச்ச வேலை, அவளுக்குப் பாத்த ஸ்கூல், எல்லாம். போன தடவை அம்மா வீட்டுக்குப் போனோம். கதவை உடைச்சுக்கிட்டு வந்தார். இன்னும் இந்தக் கையை முழுசா மடக்க முடியல, பாருங்க.

— ஐயோ.

— சனிக்கிழமை கிளம்புறதா இருந்தோம். நேத்து வீட்டுக் குப்பைக்கூடையில இதே மாதிரி சாம்பல் ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு ரெண்டு பெட்டி கிடந்தது, உங்க கடை ஸ்டிக்கரோட. சாப்பிடுறப்ப அவர் பாட்டுக்குச் சொல்றார், இனிமே இந்த வீட்டுல எந்தப் பூட்டும் நிக்காதுன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றார் தம்பி. ரெண்டையும் வாங்கி, ஒண்ணைத்தான் மாட்டியிருப்பார்னு நினைச்சேன். எதை மாட்டினார்னு தெரியல. அதான் வந்தேன். மெதுவா ஓடுறதுன்னா சனிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம். வேகமா ஓடுறதுன்னா இப்பவே போய்ப் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு அப்படியே பஸ் ஏறிடலாம். நல்லவேளை வந்தேன். நான் கிளம்புறேன். இன்னைக்கே போயிடறேன்.

— அக்கா, ஒரு நிமிஷம்.

— பெல் அடிக்கிறதுக்குள்ள நான் அங்க நிக்கணும் தம்பி.

— அவர் கார்டு வாங்கலக்கா.

— என்னது?

— அவர் கொண்டு போனது ரெண்டுமே காலிப் பெட்டி. ஷோகேஸ்ல அழகுக்கு வச்சிருந்தது. அதைத்தான் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனார்.

— காலிப் பெட்டி எதுக்கு?

— எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது! உங்க போட்டோவைக் காட்டினார். என் வீட்டுக்காரி எனக்குப் பரிசு வாங்கணும்னு ரகசியமாத் திட்டம் போடுறா, இந்தப் பெட்டியைப் பாத்தா எது நல்ல கார்டுன்னு விசாரிக்க இங்கதான் வருவா, வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். அதான் நீங்க தம்பிக்குன்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

— அப்போ நான் பயந்து ஓடி வர்றேனான்னு பாக்கத்தான் பெட்டியைப் போட்டிருக்கார். சொல்லிட்டீங்களா?

— நீங்க படியேறுறப்பவே மெசேஜ் போட்டுட்டேன்.

— பதில் வந்ததா?

— இப்பத்தான்... நீங்க பேசிக்கிட்டிருக்கிறப்ப...

— படிங்க.

— வேணாம்க்கா. நீங்க பின்பக்கமா போயிடுங்க, நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

— படிங்க தம்பி.

— 'ரொம்ப தேங்க்ஸ். அவளைப் பேச்சுக் கொடுத்து அங்கேயே உக்கார வைங்க. ஸ்கூல்ல சொல்லிட்டுப் பொண்ணை முன்னாடியே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். கார்ல என் பக்கத்துலதான் இருக்கா.'