டிரெய்லரின் வலப்பக்கம்

மாலை ஆறே முக்கால். ஊரைத் தாண்டிப் போகும் சாலை. அதன் கடைசியில் ஒரே ஒரு பட்டறை... என் நண்பனின் மாமாவுடையது. தகர வேலை, வெல்டிங் வேலை.

ஓர் அம்மா ஜீப்பில் வந்தார். பின்னால் குதிரை ஏற்றும் பழைய டிரெய்லர். நடுவே தடுப்பு, பக்கத்துக்கு ஒரு குதிரை நிற்கலாம். இப்போது இரண்டு பக்கமும் காலி. எங்கு தொட்டாலும் துரு.

“அண்ணே, என் குதிரை நேத்துலேர்ந்து வயித்து வலியில உருளுது. காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலேன்னா செத்துடும். தரை தாங்கினாப் போதும்ணே.”

“வண்டிய விட்டுட்டுப் போம்மா. விடியறதுக்குள்ள முடிச்சிடறேன்.”

மாமாவுக்குக் களைப்பு. துருவை வெட்டி எடுக்காமல், மேலேயே புதுத் தகரத்தை வைத்து நாலு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும் என்று நினைத்தார். நம்மில் யார்தான் நினைக்க மாட்டோம்?

தகரத்தை விரித்தார்.

டக்...

குளம்புச் சத்தம். வலப்பக்கத்திலிருந்து. நிமிர்ந்து பார்த்தார். எதுவும் இல்லை. வெல்டிங் முகமூடியை இறக்கினார்.

டக்... டக்...

இந்த முறை காதோரம் சூடான மூச்சு. ஈர வைக்கோல் வாசனை. வியர்வை வாசனை...

“பேய்க்கும் லாடம் அடிப்பாங்களா?” நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, போர்வைக்குள்ளிருந்து கேட்கிறார் என் மைத்துனர். கேளுங்கள் மச்சான்.

மாமா கடவுளை நினைத்துக்கொண்டு, சத்தம் வந்த இடத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். தரை காய்ந்த சருகைப்போல் நொறுங்கியது. சுத்தியல் பிடிவரை உள்ளே போயிற்று.

அதன்பின் அவர் உட்காரவே இல்லை. தரை முழுவதையும் அறுத்தெடுத்தார். புதுத் தகரம் வைத்து விளிம்பு முழுக்க வெல்டிங் போட்டார். துரு பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பிரைமர் பூச்சு அடித்தார்.

விடியலில் அந்த அம்மா குதிரையை மெல்ல நடத்தி வந்தார். புதுத் தரையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“இத எனக்கு வித்தவர் சொன்னார்ணே... ஓடுற வண்டியில தரை பிஞ்சு, ஒரு குதிரையோட பின்னங்கால் ஒண்ணு ரோட்டுல தேஞ்சே போச்சாம்... டிரைவருக்குச் சத்தமே கேக்கலையாம்.”

மாமா இடப்பக்கத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டுக் குதிரையை ஏற்றினார். வலப்பக்கம் பிரைமர் காயவில்லை. ஆனாலும் அங்கேயும் ஒரு கட்டு வைக்கோலைத் தொங்கவிட்டார்.

“அது யாருக்குண்ணே?”

“இருக்கட்டும்மா. யாரும் பசியோட போக வேணாம்.”

மத்தியானம் அந்த அம்மா வெறும் வண்டியோடு திரும்பி வந்தார்.

“பொழைச்சுக்கிச்சுண்ணே! டாக்டர் ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்னார். ஆனா... இத வந்து பாருங்க.”

வலப்பக்கத்தில் வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை. நடுத்தடுப்போ கூரைவரை அடைத்திருந்தது. இடப்பக்கம் நின்ற குதிரை தலை நீட்ட வழியில்லை. காய்ந்துவிட்ட சிவப்புப் பிரைமரில் குளம்புத் தடங்கள், அழுத்தமாக... வழியெல்லாம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று வந்ததைப்போல.

மாமா தடங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

மூன்று.