டிரம்முக்குள் கிடந்த துணி முடிச்சு

வீட்டிலும் தெருவிலும் என்னைச் சின்னவள் என்பார்கள். வயது நாற்பத்தொன்று. மாவு மில் வைத்திருக்கிறோம், அதன் பின்கட்டிலேயே குடியிருக்கிறோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார், இப்போது வெளியூரில் இருக்கிறார். மில்லை நானும் அவருடைய அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். அவரை நான் மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். கோதுமையில் விஷப்பொடி கலந்து அக்காவைக் கொல்லப் பார்த்ததாக மாமா என்மேல் கொடுத்த புகாரைப் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் வீட்டுக் கோதுமை டிரம் மில்லின் மூலையில் இருக்கிறது. அதே பின்கட்டில் குடியிருக்கும் மாமா வீட்டு டிரம் அங்கேயே சாமான் அறையில் இருக்கிறது. இந்த வருடம் இரண்டிலும் வண்டு விழுந்துவிட்டது. மில்காரர் வீட்டிலேயே வண்டு என்றால் அரைக்க வருகிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அக்கா தினமும் முறமும் கையுமாக உட்கார்ந்து வண்டு பொறுக்கியதில் அவளுக்குக் கண் சிவந்து நீர் வடிய ஆரம்பித்தது. சொட்டு மருந்து வாங்கி வந்து போட்டுவிட்டது மாமாதான். தானியத்துக்குள் வைத்தால் விஷப் புகை விட்டு வண்டைக் கொல்லும் வண்டு மாத்திரை போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. சாமான் அறைக்கும் அக்கா படுக்கிற அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான், அதிலும் காற்றுக்காக விட்ட ஓட்டை இருக்கிறது, அந்தப் புகை ஆளையே கொன்றுவிடும், கூடவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அதன் பிறகு தீவனக் கடையிலிருந்து வெள்ளை மண்பொடி வாங்கி வந்தேன். தானியத்தில் போடுவதற்கென்றே விற்பது அது. எந்தக் காலத்திலோ தண்ணீருக்கடியில் படிந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடு என்று கடைக்காரர் சொன்னார். வண்டின் மேல்தோலைச் சுரண்டி உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், வண்டு காய்ந்து சாகும், ஆனால் உடனே சாகாது. கோதுமை ஈரமாக இருந்தால் பொடி வேலை செய்யாது என்பதால் முதலில் வெயிலில் காய வைத்தேன். அதன் பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இரண்டு டிரம்மிலும் அளவாகத் தூவிக் கிளறினேன். அக்காவும் கூட இருந்தாள். மாமா எட்டிப் பார்த்து, "நீ எங்கம்மா வண்டைக் கொல்ற? பவுடர் போட்டு மாப்பிள்ளை பாக்க அனுப்புற" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். சில நாள் ஆகியும் வண்டு ஊர்ந்துகொண்டிருந்ததால் அக்கா மறுபடி முறத்தை எடுத்துவிட்டாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பொறுத்திரு அக்கா என்று மட்டும் சொன்னேன்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா தன் அறையில் படுத்தாள். பிறகு வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நானும் மாமாவும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு மாமா, "இவ கோதுமையில ஏதோ பொடி போட்டிருக்கா" என்று என்னைக் காட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. அதே பொடி போட்ட மாவைத்தான் என் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது என்று வீட்டுக்கு ஓடினேன். சாமான் அறைக் கதவைத் திறந்ததும் அழுகின பூண்டு போல நாற்றம் அடித்தது. முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே நின்று நாற்றம் அடங்கிய பிறகு போய் டிரம்மைத் திறந்தேன். கோதுமைக்கு நடுவே ஒரு துணி முடிச்சு, அதற்குள் மாத்திரை கரைந்த சாம்பல். முடிச்சைத் தூக்கி வெட்டவெளியில் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் வண்டு மாத்திரைப் புகை என்று சொன்னேன். நான் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மாமா போலீசில் என்மேல் புகார் கொடுத்துவிட்டிருந்தார். நான் டாக்டரிடம் சொன்னதைக் கேட்டதும் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வைத்தியத்தை மாற்றினார். இன்று காலை அக்கா கண் விழித்தாள், விழித்ததும் மாமாவைத்தான் தேடினாள்.

முடிச்சுத் துணி எது என்று கேட்டதற்கு, கோடு போட்ட பழைய சட்டையில் கிழித்தது, பாக்கெட் அப்படியே இருக்கிறது என்கிறேன். யாருடைய சட்டை என்று கேட்டதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை. சொல்லாவிட்டால் பழி என் தலையில்தான் நிற்கும் என்று எடுத்துச் சொன்னார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அக்கா அந்தக் கட்டிலில் கிடக்கும்போது அவளிடமிருந்து யாரையும் பிரித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை போட்டவர் யாராக இருந்தாலும், அக்கா இனி கண் நோக வண்டு பொறுக்க முறத்தைத் தொடக் கூடாது என்றுதான் போட்டிருப்பார். அதை இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது இவ்வளவே, எல்லாம் நடந்தபடியே சொன்னது. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(கையெழுத்து)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் படித்துக் காட்டப்பட்டபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புகார்தாரர் யாரும் அழைக்காமலே உள்ளே வந்தார். கையில் மில் சல்லடை வைத்திருந்தார். "பொடி மட்டும் போட்ட இவ டிரம்மைச் சலிச்சுப் பாத்துட்டுத்தான் வரேன் சார். ஒரு வண்டு உயிரோட இல்ல" என்றார். அதன் பிறகு, சாட்சி கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தைக் காட்டி, "அதுல எழுதிக்குங்க, அந்தச் சட்டை என்னுது" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.