இரண்டாவது குழு

அந்த ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்ஸ்பெக்டர். என் அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். நல்ல பொருளைப் பாழாக்குவது எனக்குப் பிடிக்காது.

பேராசிரியரிடம் வெகுகாலம் ஆய்வு உதவியாளனாக இருந்தேன். கலை மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பாட்டுக் கேட்டபடி வேலை செய்யும் தொழிலாளி, நாடகம் போடும் கைதி, யாரையும் விட்டதில்லை. "நம்ம தலையப் பார்த்தாலே ஜனங்க கதவச் சாத்துறாங்கப்பா" என்று அவரே சிரிப்பார்.

பிறகு நெஞ்சு நோய் மருத்துவமனைக்குப் போனோம். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தோம். முதல் குழுவுக்கு வண்ணமும் தூரிகையும் கொடுத்தோம். இரண்டாவது குழுவுக்கு எதுவும் கிடையாது, கையில் இருப்பதையும் வாங்கிவிட வேண்டும். அப்போதுதானே வித்தியாசம் தெரியும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது.

அந்த வார்டில் என் தங்கை இருந்தாள். எனக்கு அவளையும் அவளுக்கு என்னையும் விட்டால் வேறு நாதியில்லை. இருமி ஓய்ந்த கையோடு வரைய உட்கார்ந்துவிடுவாள். நர்ஸின் செருப்பு, பக்கத்துக் கட்டில்காரியின் கொட்டாவி, ஒன்றையும் விட மாட்டாள். குலுக்கலில் இரண்டாவது குழுவில் விழுந்தாள்.

"சார், அவ என் தங்கச்சி. அவள மட்டும் மாத்திடலாமா?"

"நம்ம ஆளுன்னு ஒருத்தர மாத்தினா அப்புறம் அது ஆராய்ச்சியாப்பா?"

வண்ணப்பெட்டி போன பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பாட்டை ஒதுக்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். நுரையீரல் என்றார் டாக்டர். பேராசிரியரின் புத்தகத்தில் அவள் வெறும் 'இடையில் விலகியவர் ஒருவர்'. கலையைப் பறிகொடுத்த மனிதன் மெல்ல அணைந்துபோகிறான் என்று புத்தகத்தை முடித்திருந்தார். ஊரே கொண்டாடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் அவர் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, பாட்டு மட்டும் போகவில்லை. ரேடியோவில் தெரிந்த பாட்டு வந்தால் கூடவே பாடுவார், வார்த்தைகள் முழுசாக வரும். "பாட்ட மட்டும் விட்டுடாதீங்க. அதப் பிடிச்சுக்கிட்டுதான் பேச்சு திரும்பி வரணும்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், "அப்பாவுக்கு உங்கள விட்டா யாருண்ணா" என்று என் கையைப் பிடித்து அழுதுவிட்டு விமானம் ஏறினான். வீட்டுச் சாவி என்னிடம் வந்தது.

மறுநாளே ரேடியோவை எடுத்துவிட்டேன். வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று பயிற்சிப் பெண்ணை அனுப்பினேன். சுவரில் இருந்த படங்களைக் கழற்றினேன். "சார், இப்ப நீங்க ரெண்டாவது குழு" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியாதா என்ன. கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

ரேடியோ இல்லாமலே முணுமுணுக்க ஆரம்பித்தார். அப்படிச் செய்யும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். சீக்கிரமே வாயை மூடிக்கொண்டார். பிறகு தட்டை வைத்தாலும் தொடவில்லை. மகன் போனில் கேட்டால், "அப்பா அமைதியா இருக்காருப்பா" என்பேன். அதில் பொய் இல்லை. நேற்றுக் காலை சுவரைப் பார்த்தபடி விறைத்துக் கிடந்தார். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வண்ணப்பெட்டியைத் தங்கையிடமிருந்து வாங்கியது யார் என்கிறீர்களா? நான்தான். காலையில் போய்க் கேட்டபோது அவள் விடவில்லை, விரல் விரலாகப் பிரித்தேன். "கறுப்பு மட்டுமாவது குடேண்ணா" என்றாள். அன்று சாயங்காலம் பேராசிரியர் போன் செய்தார். "மனசு கேக்கலப்பா. பெட்டியத் தங்கச்சிகிட்டயே குடுத்துடு. அவ விலகிட்டான்னு எழுதிக்கலாம், ஆராய்ச்சி கெட்டாலும் பரவாயில்ல" என்றார். சரி சார் என்றேன். கொடுக்கவில்லை. ஆராய்ச்சி கெட்டுவிட்டால் புத்தகம் ஏது? அதன் அட்டையில் என் பெயரும் வர இருந்தது.

நீங்களே சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர், அதை அவர் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?